போர்க்கப்பலில் செருப்பைக் கழற்றிய ஞாயிற்றுக்கிழமை

கப்பல் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. மாப்பிள்ளை பார்க்க வேண்டும் என்பது அப்புறம் வந்து அதில் ஒட்டிக்கொண்டது. முதலில் ஆசையைச் சொல்லிவிடுகிறேன். இருபது வருஷமாகப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறேன். அரபிக்கடல் எங்கே, வங்காள விரிகுடா எங்கே என்று கரும்பலகையில் கோடு போட்டே கை ஓய்ந்துவிட்டது. ஆனால் ஒரு கப்பலின் மேல் ஒரு நாளாவது காலை வைத்திருக்கிறேனா? கிடையாது. மயிலாப்பூரில் பிறந்து மயிலாப்பூரிலேயே வாழ்க்கைப்பட்டவள். துறைமுகம் ஐந்தே மைல். வெட்கக்கேடு!

சென்ற மாசி மாதம் பத்திரிகையில் ஒரு மூலையில் செய்தி வந்தது. நம் தேசக் கொடி பறக்கும் போர்க்கப்பல் ஒன்றும், கப்பல் தொழில் பயிலும் வெளிநாட்டுப் பையன்களை ஏற்றிக்கொண்டு வந்த பெரிய பாய்மரக் கப்பல் ஒன்றும் சென்னைத் துறைமுகத்தில் நிற்கின்றன, ஞாயிறு பகல் ஒரு மணி முதல் ஐந்து மணி வரை பொதுஜனங்கள் ஏறிப் பார்க்கலாம், கட்டணம் இல்லை. எங்காத்துக்காரரைக் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு வரும்படி அந்தக் கப்பலில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டார். தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்று சாயங்காலம் மந்தைவெளியிலிருந்து என் அண்ணா வந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. விஷயம் இதுதான். அவர் பெண் கோமதிக்குப் பத்தொன்பது வயது, இண்டர்மீடியட் பாஸ். தி.நகரில் ஒரு வரன் வந்திருந்தது. பையன் பெயர் வைத்தியநாதன், யுத்தத்தின்போது கடற்படையில் சேர்ந்தவன், இப்போது வந்திருக்கிற இதே போர்க்கப்பலில் என்ஜின் அறையில் வேலை. ஜாதகம் பொருந்திவிட்டது. வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வந்து பஜ்ஜியும் சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பிள்ளையின் அம்மா ஒரே ஒரு நிபந்தனைதான் சொல்லியிருந்தாள்: கல்யாணம் ஆனதும் பெண் தி.நகர் வீட்டில் மாமியாரோடு இருக்க வேண்டும். பிள்ளை வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருவான். கப்பல் திங்கட்கிழமை காலை கிளம்புகிறது. அன்றைக்குள் பதில் தெரியாவிட்டால் வேறு இடம் பார்ப்பார்களாம்.

"வருஷத்துல பதினோரு மாசம் கடல்ல கிடப்பான். எம்பொண்ணு யாரோட குடித்தனம் பண்ணுவா, அந்தாத்துச் சுவரோடயா?" என்றார் அண்ணா. "சரி, வேண்டாம்னு சொல்லிடலாம்னா இவ வாயைத் திறக்க மாட்டேங்கறா. வேணும்னும் சொல்லலை, வேண்டாம்னும் சொல்லலை. 'மொதல்ல அந்தக் கப்பலைப் பாக்கணும்'கறா. கல்யாணம் கப்பலையா பண்ணிக்கப் போறா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்ததை அடக்கிக்கொண்டு, "நான் ஞாயித்துக்கிழமை போறேன். நீயும் கோமதியும் வாங்கோ" என்றேன். கோமதியைப் பெற்ற என் மன்னிக்குக் கடலைப் பார்த்தாலே தலை சுற்றும், அவள் வரவில்லை. தூக்குப் பாத்திரத்தில் தயிர்சாதமும், தொட்டுக்கொள்ள மாவடுவும் வைத்துக் கொடுத்து அனுப்பினாள்.

லஸ்ஸில் பதினொன்றரை மணிக்கு டிராம் ஏறினோம். ராயப்பேட்டை வழியாக மவுண்ட் ரோடு போய், ரவுண்டாணா தாண்டிப் பாரிமுனையில் இறங்க ஒரு மணி நேரம். தலைக்கு ஒன்றரை அணா. நிழல் வேண்டுமானால் இடது பக்கம் உட்காருங்கள். நாங்கள் வலது பக்கம் உட்கார்ந்து வறுபட்டோம். பாரிமுனையிலிருந்து துறைமுக வாசல் நடக்கிற தூரம்தான், ஆனால் அண்ணாவின் புதுச் செருப்பு கடித்தது. அதனால் ஜட்கா பிடித்தோம். நாலணா கேட்டார் வண்டிக்காரர், மூன்றணாவுக்கு வந்தார். ராயப்பேட்டைக்காரர், பெயர் பாஷா. வாய் ஓயவில்லை.

"இன்னாம்மா, கப்பல் பாக்கவா? இன்னிக்கி மயிலாப்பூரு மொத்தமும் இங்கதான் கீது. நாப்பத்தி ரெண்டுல ஜப்பான்காரன் கப்பல் வர்றான்னு சொன்னப்ப இதே சனம் இன்னா ஓட்டம் ஓடிச்சு! சாமி, நீ எங்க ஓடின?"

"கும்பகோணம்" என்றார் அண்ணா, சுரத்தில்லாமல்.

"நான் எங்கியும் ஓடல நைனா. ஓடுற ஆளுங்கள எழும்பூர் டேஷன்ல இட்டுக்கினு போய் வுட்டுக்கினே இருந்தேன். இப்ப பாரு, சோறு கட்டிக்கினு வருதுங்க!" என்று சொல்லிவிட்டுக் குதிரையை ஒரு தட்டுத் தட்டினார். எனக்கும் அந்த நாள் ஞாபகம் வந்தது. கப்பல் என்ற சொல்லைக் கேட்டாலே ஊரே மூட்டை கட்டிய சித்திரை மாதம் அது. இன்று தூக்குப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு உல்லாசமாகப் போகிறோம். நல்ல காலம்தான்.

வாசலில் காவல்காரர்கள் தீப்பெட்டியையும் சுருட்டையும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அண்ணாவின் பொடி டப்பியையும் கேட்டார்கள். "இது வெடிக்காதுய்யா, தும்மல்தான் வரும்" என்று அண்ணா ஒரு சிமிட்டா எடுத்துப் போட்டுக் காட்டித் தும்மியும் காட்டினார். விட்டுவிட்டார்கள். அங்கிருந்து கப்பல் நிற்கிற இடத்துக்கு அரை மைல் நடை. மரம், கொட்டகை எதுவும் கிடையாது. குடை இல்லாமல் போகாதீர்கள்.

போர்க்கப்பலைப் பக்கத்தில் போய்ப் பார்த்தோம். சாம்பல் நிறத்தில் ஒரு தெரு நீளம் இருந்தது. கரையிலிருந்து மேலே ஏறச் சாய்வாக ஒரு பலகைப் பாலம். அதில்தான் வினை. கப்பல்காரர்கள் யார் ஏறினாலும் மேலே கால் வைத்ததும் ஒரு கணம் நின்று, பின்பக்கம் பார்த்து ஒரு சல்யூட் வைத்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள். அண்ணா இதை உற்றுப் பார்த்தார். பாலத்தடியில் நின்ற சிப்பாயிடம் ஏனென்று கேட்டார். அவன் வடக்கத்தியான், அவன் பாஷையில் ஏதோ சொன்னான்.

"புரிஞ்சுடுத்து. பின்பக்கம் சுவாமி படம் வெச்சிருக்கா. அதான் எல்லாரும் கும்பிட்டுட்டு ஏறறா" என்றார் அண்ணா. உடனே செருப்பைக் கழற்றிப் பாலத்தடியில் ஓரமாக வைத்தார். மேலே போய்ப் பின்பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எங்களுக்குப் பின்னால் வந்ததெல்லாம் மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும். ஒருத்தராவது ஏன் என்று கேட்க வேண்டுமே! ஒருவர் கழற்றியதும் அடுத்தவர் கழற்றினார். மாமிகள் கழற்றினார்கள். ஷூ போட்டுக்கொண்டு வந்த வக்கீல் ஒருவர் குனிந்து முடிச்சை அவிழ்த்தார். எல்லாரும் வெறுங்காலோடு போகும்போது நான் மட்டும் எப்படிச் செருப்போடு ஏறுவது? நானும் கழற்றினேன். கொஞ்ச நேரத்தில் பாலத்தடியில் அறுபத்துமூவர் உற்சவம் மாதிரி செருப்பு மலை.

மேல்தளம் முழுக்க இரும்பு. மாசி மாதத்து வெயில், மணி ஒன்றேகால். நாலடி வைத்ததும் தெரிந்துவிட்டது. "அம்மாடி!" என்று ஒரு மாமி கத்தினாள். திரும்பி இறங்கலாமென்றால் பின்னாலிருந்து கூட்டம் தள்ளுகிறது. இறங்கும் வழியோ கப்பலின் மறுகோடியில். வக்கீல் ஒற்றைக் காலில் நின்றார், பிறகு மற்றக் காலில் நின்றார். பஞ்சகச்சத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு என் அண்ணா ஆடிய ஆட்டத்தைப் பார்த்திருந்தால் அவரைப் பெற்றவர்களே அடையாளம் கண்டிருக்க மாட்டார்கள்.

அப்போதுதான் வைத்தியநாதனைப் பார்த்தோம். வெள்ளை உடுப்போடு ஒரு பீரங்கியின் பக்கத்தில் நின்று ஜனங்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தான். எங்களைக் கண்டுகொண்டான். வருங்கால மாமனார் குதித்துக்கொண்டு வருவதையும் கண்டுகொண்டான். சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. ஓடினான். இன்னொருவனையும் கூப்பிட்டுக்கொண்டு, ஒரு நீளமான கான்வாஸ் குழாயை இழுத்து வந்து, தளம் முழுக்கத் தண்ணீரைப் பீய்ச்ச ஆரம்பித்தான். இரும்பிலிருந்து ஆவி பறந்தது. ஜனங்கள் "ஹா!" என்று தண்ணீரில் போய் நின்றார்கள். மாமிகளின் புடவை நனைந்தது, யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

"நல்ல தண்ணியா?" என்று கேட்டார் அண்ணா, முழங்கால் வரை நனைந்து நின்றபடி.

"உப்புத் தண்ணி மாமா. நல்ல தண்ணி எங்களுக்கே அளவாத்தான் குடுப்பா" என்றான் அவன். பிறகு மெதுவாக, "பின்னாடி சுவாமி படம் ஒண்ணும் இல்லை. கப்பலுக்குப் பண்ற மரியாதை, அவ்வளவுதான்."

"இதை முன்னாடியே ஒரு போர்டுல எழுதி வெக்கப்படாதோ?"

"இவ்வளவு பக்தியோட ஏறி வருவேள்னு யாருக்கு மாமா தெரியும்?"

அண்ணா முறைத்தார். கோமதி தலையைக் குனிந்துகொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

மேலதிகாரியிடம் கேட்டுக்கொண்டு எங்களைக் கீழே அழைத்துப் போனான். இரும்பு ஏணி செங்குத்தாக இறங்குகிறது. புடவை கட்டியவர்கள் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகத் திரும்பி இறங்க வேண்டும். அவன் படுக்கிற இடத்தைக் காட்டினான். அறை என்று சொல்லக் கூடாது. நாற்பது பேர் சாப்பிடுவதும் அங்கேதான், தூங்குவதும் அங்கேதான். உத்தரத்தில் கொக்கிகள். ராத்திரியானால் அதில் கான்வாஸ் தூளியை மாட்டிக்கொண்டு படுப்பார்களாம்.

"தூளியிலயா தூங்கறேள்? ஆட்டி விடறது யாரு?" என்றார் அண்ணா.

"கடல்தான் மாமா."

அவனுடைய சொத்து முழுக்க ஒரு தகரப் பெட்டி. கோமதி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். சாப்பாடு எப்படி என்று நான் கேட்டேன். ரொட்டி, பருப்பு, உருளைக்கிழங்கு, குறை ஒன்றுமில்லை, தயிர் மட்டும் கண்ணில் படாது என்றான். நான் தூக்குப் பாத்திரத்தை நீட்டினேன். வேண்டாம் மாமி என்று ஒரு தடவைதான் சொன்னான். மாவடுவைக் கடித்துக்கொண்டு அவன் அந்தத் தயிர்சாதத்தை வேகவேகமாகச் சாப்பிட்டான். எங்களுக்கு ஒரு பருக்கை மிஞ்சவில்லை. அண்ணா திரும்பி நின்று பொடி போட்டுக்கொண்டார்.

அப்போதுதான் கோமதி வாயைத் திறந்தாள். "இந்தக் கப்பலுக்கு எது ஊரு?"

"பம்பாய். எங்கே சுத்தினாலும் அங்கே வந்துதான் நிக்கும். மாசத்துல பாதி நாள் அங்கேதான்."

"கல்யாணம் ஆனவாள்லாம்?"

"சில பேர் அங்கேயே ஜாகை எடுத்து வெச்சிருக்கா. கப்பல் நிக்கற நாள்ல சாயங்காலம் ஆத்துக்குப் போயிடுவா." சொல்லிவிட்டு ஏதோ சேர்த்துச் சொல்ல வந்தவன் அண்ணாவைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். இரவு ஏழு மணிக்குத் தி.நகர் போய் அம்மாவோடு சாப்பிட்டுவிட்டு வர அனுமதி இருக்கிறது என்றும், காலை ஆறரைக்குக் கப்பல் புறப்படும் என்றும் மட்டும் சொன்னான்.

அடுத்த மேடையில்தான் பாய்மரக் கப்பல். ஐயோ, அதை என்னவென்று சொல்வேன்! மூன்று பாய்மரங்கள், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது. கயிறு, கயிறு, எங்கே பார்த்தாலும் கயிறு. செம்பட்டைத் தலைப் பையன்கள் அதில் ஏறி உச்சியில் உட்கார்ந்து கீழே இருக்கும் நம்மைப் பார்த்துக் கையாட்டுகிறார்கள். தளம் முழுக்கத் தேய்த்து வெளுத்த மரம், காலுக்கு ஜில்லென்றிருந்தது. கடல் வரைபடங்கள் வைத்திருக்கும் அறையில் நம் சோழ மண்டலக் கரை பெரிய காகிதத்தில் விரித்துக் கிடந்தது. நான் கரும்பலகையில் வெறும் கோடாகப் போடுகிற இடத்தில், கடலின் ஆழம் அடிக்கு அடி எழுதியிருந்தது. அரை மணி அங்கேயே நின்றேன். போய்த் தொலைகிறது, வயசு நாற்பத்தைந்தானால் என்ன, எனக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம். கோமதி ஒரு படத்தையும் பார்க்கவில்லை. தளத்தின் ஓரத்தில் நின்று அந்தச் சாம்பல் கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்து செருப்பைத் தேடினோம். என்னுடையதும் கோமதியுடையதும் கிடைத்தன. அண்ணாவின் புதுச் செருப்பை யாரோ புண்ணியவான் போட்டுக்கொண்டு போய்விட்டான். பாரிமுனை வரை வெறுங்காலோடு நடந்தார். வழி நெடுக அவர் திட்டியது செருப்புத் திருடனையா, கடற்படையையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. டிராமில் கோமதியைக் கேட்டார்: "பாத்தாச்சோல்லியோ? என்னம்மா சொல்றே?"

"காலம்பற சொல்றேம்பா."

இனிமேல் கப்பல் வந்தால் போகிறவர்களுக்கு: காலணியைக் கழற்றாதீர்கள். பகல் ஒரு மணிக்குப் போகாதீர்கள், மூன்றரைக்குப் போங்கள். குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள். தயிர்சாதம் கொண்டுபோனால் இரண்டு பேருக்கு அதிகமாகவே கட்டிக்கொண்டு போங்கள். துறைமுகம் வரை போக முடியாதவர்கள் நொச்சிக்குப்பம் கரையில் போய் நின்றால் போதும். பம்பாய் போகிற கப்பல் இலங்கையைச் சுற்றித் தெற்கே போக வேண்டியிருப்பதால் நம் கரையை ஒட்டித்தான் போகும். நாங்கள் திங்கட்கிழமை அதைத்தான் செய்தோம். மணி ஏழுக்குள் வலைக்காரர்கள் மீனைக் கொட்டி ஏலம் போட ஆரம்பித்துவிட்டார்கள். அண்ணா மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றார். கிழக்கே சூரியன் நேர் எதிரில், கண் கூசியது. கையை நெற்றியில் வைத்துப் பார்த்தால் வெளிச்சத்துக்கு நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி போயிற்று. அதுதான் என்றேன் நான். எது, எது என்று கோமதி கண்ணில் நீர் வழிய வழியப் பார்த்தாள். அவளுக்குச் சரியாகத் தெரியவேயில்லை.

"இப்பவாவது சொல்லு. தி.நகருக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்?" என்றார் அண்ணா.

"சரின்னு சொல்லுங்கோப்பா. ஆனா நான் தி.நகராத்துல இருக்க மாட்டேன். கப்பல் எந்த ஊர்ல நிக்கறதோ அந்த ஊர்ல ஜாகை பாத்துண்டு இருப்பேன். பாதி மாசமோ, பத்து நாளோ, வர்றப்போ வரட்டும். அதுக்கு அவாம்மா ஒத்துண்டா முகூர்த்தம் பாருங்கோ. இல்லேன்னா வேண்டாம்."

அண்ணா என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன். பெண் பிள்ளை மாமியாருக்கு நிபந்தனை போடுவதாவது! அந்த அம்மாள் வாசலிலேயே நிறுத்தி அனுப்பிவிடுவாள் என்றுதான் நான் நினைத்தேன். அண்ணாவும் அதையேதான் நினைத்திருப்பார். ஆனாலும் என்ன தோன்றிற்றோ, நேரே தி.நகருக்குப் பஸ் ஏறிவிட்டார். நானும் கோமதியும் மந்தைவெளிக்கு வந்தோம். அவள் காப்பி குடிக்கவில்லை. வாசல் பக்கம் நாலு தடவை போய் வந்தாள்.

பதினொரு மணிக்கு அண்ணா வந்தார். மேல்துண்டை ஆணியில் மாட்டினார். மன்னி கேட்கட்டும் என்று காத்திருந்தார். அவள் கேட்டாள்.

"நம்ம பொண்ணு சொன்னதை அப்படியே சொன்னேன். அந்த மாமி என்னை ஏற இறங்கப் பாத்தா. நேத்து ராத்திரி அவா பிள்ளையும் சாப்பிடறச்சே இதையேதான் சொன்னானாம். 'கல்யாணம்னா பம்பாய்லதான் குடித்தனம், இல்லேன்னா எனக்குக் கல்யாணமே வேண்டாம்'னு. மாமி கத்தியிருக்கா. அவன் மோரும் சாதமும் போட்டுக்காம எழுந்து கப்பலுக்குப் போயிட்டானாம். ராத்திரி பூரா மாமிக்குத் தூக்கம் இல்லை. 'ரெண்டு பேரும் ஒரு வார்த்தை கலந்து பேசிக்கலை, ரெண்டு பேர் வாயிலும் ஒரே பேச்சு. நான் என்னத்துக்குக் குறுக்கே நிக்கணும்'னு சொல்லிட்டுக் காப்பி குடுத்தா." அண்ணா பொடி டப்பியைத் தட்டினார். "காப்பி நன்னா இருந்தது. வைகாசியில முகூர்த்தம்."

மன்னி மஞ்சள் குங்குமம் எடுக்க உள்ளே ஓடினாள். நான் கோமதியைத் தேடிக்கொண்டு போனேன். கூடத்துக் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"அத்தை, பம்பாய்ல கடல் எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

"மேற்கே. காலம்பற சூரியன் உன் முதுகுக்குப் பின்னாடி இருக்கும். கப்பல் வர்றது நன்னாத் தெரியும்" என்றேன்.